ரேடியோ சீயாக்: தளபதியின் குரலா, காத்திருந்தோரின் குரலா?

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கொழும்பிலிருந்து இயங்கிய படையினர் வானொலியான ரேடியோ சீயாக் பற்றித் தனி நூலே எழுதியவர் எரிக் ஹிட்ச்காக். அந்த நூல் நிலையத்தைத் தென்கிழக்காசியக் கட்டளையகத்தின் (SEAC, சீயாக்) தளபதி அட்மிரல் மவுண்ட்பேட்டனுக்கு உரியதாக்கி, 1945-49 என்று எல்லை கட்டுகிறது. ஒலிபரப்பிகளைப் பற்றி அவரோடு எனக்கு வழக்கில்லை. வானொலி ஒன்றைத் தளபதியின் பெயரால் அளப்பதுதான் இடிக்கிறது.

மவுண்ட்பேட்டனின் தலைமையகம் 1944 ஏப்ரலில் பேராதனைக்கு வந்தது. அடுத்த ஆண்டு இறுதியில் சிங்கப்பூருக்குப் போய்விட்டது. ஜப்பான் சரணடைந்தது 1945 ஆகஸ்டில். கொழும்புக்கு அருகே ஏக்கலவில் இந்த வானொலிக்காக நிறுவிய 100 கிலோவாட் மார்க்கோனி ஒலிபரப்பி வேலைக்கு வந்ததோ 1946-இல். அதே ஆண்டு நவம்பரில் தென்கிழக்காசியக் கட்டளையகமே கலைக்கப்பட்டது. நிலையம் உச்ச வலிமை பெற்றபோது போரும் முடிந்திருந்தது, அட்மிரலும் இலங்கையில் இல்லை. எஞ்சியவர்கள், ஊர் திரும்பக் கப்பல் எப்போது வரும் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்த சிப்பாய்களும் மாலுமிகளும்தான். கருவியை வரவழைக்க முனைந்தவர் மவுண்ட்பேட்டனே என்று ஹிட்ச்காக் தரப்பினர் மறுமொழி சொல்லலாம். உண்மையே. ஆனால் யார் பேசினார், யார் கேட்டார் என்ற கேள்விக்கு அது விடையாகாது.

யார் பேசினார் என்பதற்கு ஒரே ஒரு பணிக்குறிப்பைப் பிடித்துக்கொள்கிறேன். டேவிட் ஜேக்கப்ஸ், 1926-இல் பிறந்தவர், 1944-இல் பிரித்தானியக் கடற்படையில் சேர்ந்தவர். அதே ஆண்டில் கடற்படையினருக்கான பிபிசி நிகழ்ச்சியான 'நேவி மிக்ஸ்ச்சர்' வழியே முதன்முதலாக ஒலிவாங்கி முன் நின்றார். பிறகு 'தலைமை அறிவிப்பாளர், ரேடியோ சீயாக், 1945-47'. அந்த 47-ஐக் கவனிக்க வேண்டும். கட்டளையகம் கலைந்த பிறகும் அதன் பெயர் தாங்கிய வானொலியில் கடற்படை இளைஞர் ஒருவர் பணியில் இருந்திருக்கிறார். விமானப்படையிலிருந்து வந்த சார்ல்ஸ் சில்ட்டனும் அங்கே பணியாற்றினார். பிபிசியில் ஜாஸ் நிகழ்ச்சிகள் தயாரித்துப் பழகியவர் அவர். இத்தகையவர்கள் கூடிய இடத்தில் போர்ச்செய்தியைவிட இசைத்தட்டுக்குத்தான் இடம் அதிகம் என்பது என் வாதம். பிற்காலத்து இலங்கை வானொலியின் பொழுதுபோக்கு முகத்துக்கு வேர் தேடுவோர் ஏக்கலவின் கிலோவாட்டுகளோடு நின்றுவிடாமல் இந்தக் காத்திருப்பையும் பார்க்க வேண்டும். நேரடிச் சான்று மெலிந்தது என்பதை ஒப்புக்கொண்டே சொல்கிறேன்.

யார் கேட்டார் என்பதற்கு மலையகத்து லிந்துலை நல்ல உரைகல். லிந்துலைத் தோட்டங்களுக்கு ரயில் நிலையம் தலவாக்கலை. அதே பாதையில்தான் தியத்தலாவைக்குப் போகும் வண்டியும் ஓடியது. அங்கே பிரித்தானியக் கடற்படையின் ஓய்வு முகாம் 'எச்.எம்.எஸ். ஊவா' என்று, கடலே கண்ணில் படாத மலையில், கப்பல் பெயரோடு இருந்தது. மாலுமிகள் தோட்டத் தொழிலாளரின் லயங்களை ஜன்னல் வழியே பார்த்தபடி போயிருப்பார்கள். அவர்களுக்கான வானொலி லயத்துக்கு எட்டவில்லை. அங்கே மின்சாரம் இல்லை, பெட்டி இருந்தால் அது துரை பங்களாவில், மொழியோ ஆங்கிலம். இன்னொரு காரணத்தை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. உயர் அதிர்வெண்ணில் போகும் சிற்றலை, வானின் அயனிமண்டலத்தில் பட்டுத் திரும்பி, பல நூறு கிலோமீட்டர் தள்ளித்தான் மண்ணுக்கு இறங்கும். இடைப்பட்ட நிலம் ஊமைவெளி. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் தெளிவாகக் கேட்ட குரல், ஏக்கலவிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் உள்ள லிந்துலையைத் தாண்டிப் போயிருக்க வாய்ப்பு அதிகம். தாழ்ந்த அதிர்வெண்களுக்கு இது பொருந்தாது. ஆகவே முழுமையாக அடித்துச் சொல்ல மாட்டேன்.

காலவரம்பிலும் சிக்கல் உண்டு. தொடக்கத்தை 1944 என்பாரும் 1945 என்பாரும் உளர். சிறிய ஒலிபரப்பியில் நடந்த முதற்கட்டத்தைச் சேர்ப்பதா, விடுவதா என்பதே வேறுபாடு. நிலையம் இலங்கையிடம் கைமாறியதை 1948 என்று எழுதுவோர் சுதந்திரத்தோடு அதை முடிச்சுப் போடுகிறார்கள். 1949 என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அப்படியானால், 1948-இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கிய வேளையில் ஏக்கல இன்னும் பிரித்தானியப் படையினருக்கே பாடிக்கொண்டிருந்தது.

1950 செப்டம்பர் 30-இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தொடங்கியது. தமிழில் எஸ். பி. மயில்வாகனம் போன்ற அறிவிப்பாளர்கள் பெயர் பெற்றது அதன் பிறகே. ஹிட்ச்காக்கின் எல்லைக்கோடு 1949-இல் நின்றுவிடுவதால் இவர்கள் அந்த வரலாற்றுக்கு வெளியே நிற்கிறார்கள். லிந்துலைக்கோ வானொலி வரலாறு இவர்களிடமிருந்துதான் தொடங்குகிறது.