சும்மா இருக்க விடாத சைக்கிள்

சைக்கிளில் இறக்கம் வந்தால் கால் ஓய்வெடுக்கும். பெடல் நிற்கும், சக்கரம் மட்டும் 'டிக் டிக்' என்று ஓடும். பின்சக்கரத்தில் இருக்கும் ஃப்ரீவீல் எழுப்பும் சத்தம் அது. அந்த ஃப்ரீவீலே இல்லாத சைக்கிள் ஒன்று உண்டு. அதில் பல்சக்கரம் பின்சக்கரத்தோடு இறுகப் பிணைந்திருக்கும். சக்கரம் சுற்றும்வரை பெடல் சுற்றும், பெடல் சுற்றும்வரை காலும் சுற்றியாக வேண்டும். காலும் சக்கரமும் ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகள் போல. ஒன்று நின்றால் மற்றதும் நிற்க வேண்டும். ஃபிக்ஸட் கியர் என்று பெயர், செல்லமாக ஃபிக்ஸி.

அமெரிக்க, ஐரோப்பிய நகரங்களில் இன்று சில நூறு டாலருக்குள் புதிதாக வாங்கக்கூடிய, வேலைக்குப் போய்வரத் தோதான சைக்கிள்களில் இதுவும் ஒன்று. பார்ப்பதற்கு நேற்று வந்த மோஸ்தர் போல இருக்கும். உண்மையில் பெடல் வைத்த சைக்கிள் குலத்திலேயே மூத்தது இதுதான்.

1860களில் பாரிஸில் மிஷோ குடும்பத்தார் செய்து விற்ற வண்டியில் பெடல்கள் முன்சக்கரத்தின் அச்சிலேயே இருந்தன. இன்று குழந்தைகள் ஓட்டும் மூன்று சக்கர வண்டியிலும் அதே ஏற்பாடுதான். ஒரு மிதிக்குச் சக்கரம் ஒரு சுற்று. வேகம் வேண்டுமானால் சக்கரத்தைப் பெரிதாக்குவதைத் தவிர வழியில்லை. அப்படித்தான் 1870களில் ஆளுயரச் சக்கரம் வைத்த சைக்கிள்கள் இங்கிலாந்துத் தெருக்களில் ஓடின. சக்கரத்தின் அளவை ஓட்டுபவரின் கால் நீளம் தீர்மானித்தது. ஏறக்குறைய 60 அங்குலத்தைத் தாண்டினால் நெட்டையான ஆளுக்கும் எட்டாது. விழுந்தால் தலைகுப்புறத்தான் விழவேண்டும்.

1885இல் கவென்ட்ரி நகரத்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி இந்தச் சிக்கலை அவிழ்த்தார். இரண்டு சக்கரங்களையும் ஏறக்குறைய ஒரே அளவாக்கி, பெடலை நடுவில் வைத்து, செயின் போட்டுப் பின்சக்கரத்தை இழுக்கவைத்தார். அவருடைய 'ரோவர்' இன்றைய சைக்கிள் எல்லாவற்றுக்கும் தாய். முன்னால் பெரிய பல்சக்கரம், பின்னால் சிறியது என்று வைத்தால் சின்னச் சக்கரமே பெரிய சக்கரத்தின் வேலையைச் செய்யும். அதனால்தான் கியரை இன்றும் அங்குலத்தில் அளக்கிறார்கள். முன்னால் 46 பல், பின்னால் 16 பல், சக்கரம் சுமார் 27 அங்குலம் என்றால் கணக்கு ஏறக்குறைய 78 அங்குலம் வரும். அதாவது 78 அங்குல விட்டமுள்ள சக்கரத்தின் மேல் உட்கார்ந்து மிதிப்பதற்குச் சமம். எந்த மனிதக் காலும் அந்தச் சக்கரத்தைத் தொட்டிருக்க முடியாது. செயின் தொட வைத்தது.

ரோவரும் ஃபிக்ஸட் கியர்தான். 1890களின் இறுதியில் ஃப்ரீவீல் பரவத் தொடங்கியது. 1903இல் ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் ஸாக்ஸ், ஃப்ரீவீலையும் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக்கையும் சக்கரத்தின் நடுவிலுள்ள ஒரே குடத்துக்குள் (ஹப்) அடக்கி 'டார்பிடோ' என்று விற்றார். இறக்கத்தில் காலுக்கு ஓய்வு கிடைக்கும் என்றால் வேண்டாம் என்று யார் சொல்வார்? சாதாரண மக்கள் ஃபிக்ஸட் கியரைக் கைவிட்டார்கள்.

பந்தயக்காரர்கள் அவ்வளவு சீக்கிரம் விடவில்லை. டூர் டி பிரான்ஸ் போட்டியைத் தொடங்கிய ஆன்றி டெக்ரான்ஜ், ஓடும்போதே கியர் மாற்றும் கருவிகளை வெறுத்தவர். வீரர்கள் பின்சக்கரத்தின் இரு பக்கமும் வெவ்வேறு அளவில் பல்சக்கரம் பூட்டியிருந்தார்கள். மலையடிவாரம் வந்ததும் இறங்கி, நட்டைக் கழற்றி, சக்கரத்தைத் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறுவார்கள். டெக்ரான்ஜ் பொறுப்பிலிருந்து விலகிய பிறகு, 1937இல்தான் அங்கே அந்தக் கருவிக்கு, அதாவது டீரெய்லருக்கு, அனுமதி கிடைத்தது. அந்த இருபக்கக் குடம் மட்டும் சாகவில்லை. இன்றைய மலிவு ஃபிக்ஸிகள் பலவற்றில் அது இருக்கிறது, ஒரு பக்கம் ஃபிக்ஸட், மறுபக்கம் ஃப்ரீவீல்.

தெரு கைவிட்ட சைக்கிளுக்கு வட்ட ஓடுதளம் அடைக்கலம் கொடுத்தது. அங்கே பிரேக்கே கிடையாது. எல்லோரும் ஒரே திசையில், இடைவெளியில்லாமல் ஓடும் இடத்தில் ஒருவர் சட்டென்று பிரேக் பிடித்தால் பின்னால் வருபவர்கள் மேலே வந்து விழுவார்கள். காலால் வேகத்தைக் கூட்டிக் குறைப்பதுதான் அங்கே பாதுகாப்பு. நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஆறு நாள் பந்தயங்களுக்குக் கூட்டம் அலைமோதிய காலம் அது. 1899இல் உலக ஸ்பிரின்ட் பட்டத்தை வென்ற கறுப்பின வீரர் மேஜர் டெய்லர் இந்தச் சைக்கிளில்தான் பறந்தார். போருக்குப் பிறகு ஜப்பானில், சிதைந்த நகராட்சிகளுக்கு நிதி திரட்டுவதற்காக 1948இல் கொக்குரா நகரில் கெய்ரின் பந்தயம் தொடங்கியது. பார்வையாளர்கள் பந்தயம் கட்டும் பணம் புரளும் இடம் என்பதால் சைக்கிளின் ஒவ்வொரு பாகத்துக்கும் 'என்ஜேஎஸ்' என்ற அங்கீகார முத்திரை வேண்டும். யாருக்கும் கருவியால் ஆதாயம் வரக்கூடாது. அந்தக் கட்டுப்பாடு ஸ்டீல் ஃப்ரேம் செய்யும் கைவினைஞர்களைப் பல தலைமுறைக்கு வாழவைத்தது.

ஓடுதளத்திலிருந்து அதை மறுபடி தெருவுக்கு இழுத்து வந்தவர்கள் நியூயார்க்கின் கூரியர் தொழிலாளிகள். ஜமைக்கா, டிரினிடாட் போன்ற கரீபியத் தீவுகளிலிருந்து வந்தவர்கள்தான் இந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தார்கள் என்று சொல்வார்கள். சேர்ப்பிக்கும் உறை ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவருக்கு, சைக்கிள் ரிப்பேர் கடையில் நிற்கும் ஒவ்வொரு மணியும் நஷ்டம். பனிக்காலத்தில் தெருவில் கொட்டும் உப்பு, கியர் கேபிளையும் டீரெய்லரையும் அரித்துத் தின்றுவிடும். அவை இரண்டும் இல்லாத சைக்கிளில் கெட்டுப்போக என்ன இருக்கிறது? ஹார்லெமைச் சேர்ந்த நெல்சன் வெய்ல்ஸ் இப்படி மன்ஹாட்டன் தெருக்களில் உறை சுமந்தவர். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஸ்பிரின்ட் வெள்ளிப் பதக்கம் வாங்கினார். மூன்றாண்டு கழித்து மேயர் எட் காக், மன்ஹாட்டனின் நடுப்பகுதியில் மூன்று முக்கியச் சாலைகளில் பகல் நேரத்தில் சைக்கிளுக்கே தடை போடப் பார்த்தார். கூரியர்கள் திரண்டு எதிர்த்தார்கள், நீதிமன்றம் தடையை ரத்து செய்தது.

ஃபேக்ஸும் மின்னஞ்சலும் கூரியர் வேலையைத் தின்றன. சைக்கிள் மட்டும் இளைஞர்கள் கைக்குப் போனது. மாசசூசெட்ஸில் ஒரு சைக்கிள் கடையில் வேலை பார்த்த ஷெல்டன் பிரவுன், 2008இல் இறக்கும்வரை தெருவில் ஃபிக்ஸட் கியர் ஓட்டுவது எப்படி என்று எழுதி எழுதி ஒரு தலைமுறையையே பழக்கினார். பியாங்கி நிறுவனத்தின் 'பிஸ்டா' போன்ற சைக்கிள்கள், ஓடுதளச் சைக்கிளை மாணவர்களும் வாங்கும் விலைக்குக் கொண்டுவந்தன. ஓய்வுபெற்ற கெய்ரின் ஃப்ரேம்கள் கப்பலேறி அமெரிக்கா வந்தன. ஒரு சக்கரம் பச்சை, மறு சக்கரம் ரோஜா நிறம் என்று வீதி களைகட்டியது.

அலங்காரத்தோடு ஒரு விபரீதமும் வந்தது. கூரியர்களில் கைதேர்ந்தவர்கள் பிரேக் இல்லாமல் ஓட்டியதைப் பார்த்து, கற்றுக்குட்டிகளும் பிரேக்கைக் கழற்றி எறிந்தார்கள். ஓரிகனின் போர்ட்லாந்தில் 2006இல் ஒரு நீதிபதி, ஃபிக்ஸட் கியர் பிரேக் ஆகாது என்று தீர்ப்பளித்தார். பெர்லின் போலீசார் 2009இல் பிரேக் இல்லாத ஃபிக்ஸிகளைப் பறிமுதல் செய்தார்கள். பிரிட்டனின் 1983 விதி நிதானமானது. கால் விசையைப் பின்சக்கரத்தின் பிரேக்காக ஏற்றுக்கொள்கிறது, ஆனால் முன்சக்கரத்துக்குத் தனி பிரேக் கட்டாயம். லண்டனில் 2016இல் முன் பிரேக் இல்லாத ஃபிக்ஸட் கியர் சைக்கிள் மோதி, சாலையைக் கடந்த பெண் ஒருவர் இறந்தார். ஓட்டியவர் மறு ஆண்டு சிறை சென்றார்.

மோகம் பிறகு வடிந்தது. அதற்குள் 2009இல் அரிசோனாவில் தொடங்கிய ஸ்டேட் பைசைக்கிள் போன்ற நிறுவனங்கள், இடைத்தரகர் இல்லாமல் நேரடியாக விற்று விலையை இறக்கியிருந்தன. மோகம் தீர்ந்தவர்களின் சைக்கிள்கள் செகண்ட் ஹேண்டில் வந்தன. ஆக, அளவான சம்பளத்தில் நகரத்துக்குள் ஓட்ட ஒன்று தேடுபவருக்கு நல்ல காலம்தான். ஆனால் இந்தச் சைக்கிள் மலிவாக இருப்பது, அதில் இல்லாத பாகங்களால். இருக்கிற சில பாகங்களிலும் கை வைத்து மலிவாக்கியிருந்தால் ஆபத்து. அதை மட்டும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

முதலில் பின்சக்கரத்தின் குடம். நல்ல குடத்தில் இரண்டு படியாக மரை வெட்டியிருக்கும். பெரிய படியில் பல்சக்கரம் வலப்பக்கமாகத் திருகி உட்காரும். அதன் மேல் சின்னப் படியில் ஒரு பூட்டு வளையம், இது இடப்பக்க மரை. காலைப் பின்னுக்கு அழுத்தும்போது பல்சக்கரம் கழலப் பார்க்கும். எதிர்மரை வளையமோ அந்தத் திசையில் இன்னும் இறுகும். ஃப்ரீவீலுக்கான ஒற்றைப்படிக் குடத்தில் பல்சக்கரத்தை முறுக்கி, பசை போட்டு ஒட்டி, ஃபிக்ஸி என்று விற்பவர்கள் உண்டு. அவசரத்தில் காலை இறுக்கும் அந்த ஒரு நொடியில் அது கழன்றுகொள்ளும்.

அடுத்து ஃபோர்க்கில் முன் பிரேக் மாட்டத் துளை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அசல் ஓடுதள ஃப்ரேமில் இருக்காது, பார்க்க அழகு என்பதற்காக அதை வாங்காதீர்கள். வேகத்தைக் குறைக்கும்போது எடை முன்னால் சாய்கிறது. பின்சக்கரம் லேசாகிவிடும். காலால் எவ்வளவு இறுக்கினாலும் அது சறுக்குமே தவிர, முன் பிரேக் நிறுத்துகிற தூரத்தில் நிறுத்தாது.

பல் எண்ணிக்கையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கடையில் அதிகம் பார்க்கும் 46-16 சமதரைக்குச் சரி. சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்பும் ஊரில், பின்னால் 18 போட்டால் கியர் 69 அங்குலத்துக்கு இறங்கும், முழங்கால் நன்றி சொல்லும். 48-16 மட்டும் வேண்டாம். விகிதம் சரியாக மூன்று என்பதால், ஒரே காலை முன்வைத்துச் சறுக்கும்போது டயரின் ஒரே இடம் தேயும். 46-16ஐச் சுருக்கினால் 23க்கு 8, ஆக எட்டு இடங்களில் தேய்மானம் பங்கிடப்படும். 47-17க்குப் பதினேழு இடம்.

வளைவில் பெடலை நிறுத்த முடியாது என்பதால் பெடலைத் தாங்கும் கிராங்கின் நீளம் 165 மில்லிமீட்டர் இருந்தால் பெடல் தரையில் இடிக்கும் வாய்ப்பு குறைவு. மழை ஊர் என்றால் மட்கார்டுக்கும், 28 மில்லிமீட்டர் டயருக்கும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஃப்ரேம் குரோமோலி ஸ்டீலாக இருந்தால் நல்லது. ஹைடென் ஸ்டீல் கனமாக இருக்கும், ஆனால் ஓடும். கனத்தால் யாரும் விழுந்ததில்லை. செயின் தளர்ந்து கழன்றால் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளக்கூடும், ஆகவே வாரம் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். செயினைத் துடைக்கும்போது சக்கரத்தைச் சுழலவிட்டுத் துணி பிடிக்காதீர்கள். இது ஃப்ரீவீல் அல்ல, விரல் மாட்டினால் சக்கரம் நிற்காமல் உள்ளே இழுக்கும்.

சான் பிரான்சிஸ்கோ போல மேடும் பள்ளமுமான ஊர்க்காரருக்கும், முழங்கால் வலிக்காரருக்கும் ஃபிக்ஸட் பக்கம் பொருந்தாமல் போகலாம். அவர்களும் இருபக்கக் குடம் உள்ளதை வாங்கி, ஃப்ரீவீல் பக்கத்தைத் திருப்பி மாட்டி, இரண்டு பிரேக்கோடு ஓட்டிப் பார்க்கலாம். ஒரு ஸ்பானர் போதும். கார்பன், பட்டை ரிம், பிராண்ட் எழுத்து எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கடைக்காரர் முதலில் நிறத்தைத்தான் காட்டுவார். நீங்கள் பின்சக்கரத்தைக் கழற்றி மரையைக் காட்டச் சொல்லுங்கள்.