மருந்தடும் பெண்டுகள்

சென்ற தீபாவளி முடிந்த வாரம் எங்கள் வீட்டு அடுப்படிக்கு ஓர் ஏர் ஃப்ரையர் வந்து சேர்ந்தது. அம்மாவுக்குச் சர்க்கரை கூடியிருந்தது. மருத்துவர் கையில் கொடுத்த அச்சடித்த தாளில் வரிசையாக எழுதியிருந்தது: வறுத்தது வேண்டாம், இனிப்பு வேண்டாம், மைதா வேண்டாம், பழம் அளவாக. அந்தத் தாளில் எழுவாயே இல்லை. யார் கடைக்குப் போவது, யார் நறுக்குவது, யார் அளப்பது, அம்மா முகம் சுளித்தால் யார் வேறொன்று செய்து தருவது என்பதற்கெல்லாம் அங்கே இடமில்லை. ஆனால் நீட்டிய கை என் பக்கம்தான் நீண்டது. அருகில் என் தம்பியும் நின்றிருந்தான்.

எழுவாய் இல்லாத வாக்கியங்களைப் படிப்பது என் தொழில். உத்திரமேரூர்க்காரிக்கு அதில் கூடுதல் பயிற்சியும் உண்டு. எங்கள் ஊர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய கல்வெட்டுகளைப் பார்க்கப் பள்ளிப் பிள்ளைகள் பேருந்தில் வந்து இறங்குகிறார்கள். ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, சிறுவன் ஒருவனை எடுக்கச் சொல்லி வாரியங்களுக்கு ஆள் தேர்ந்த முறை அதில் இருக்கிறது. சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். வயது 35க்கு மேல் 70க்குள். வரி கட்டும் கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி வேண்டும்.

பெண் அந்தக் கல்வெட்டில் இல்லை என்று சொல்லிவிட முடியாது. கணக்குக் காட்டாமல் போனவனோடு சேர்த்துத் தள்ளிவைக்க வேண்டிய உறவினர் பட்டியலில் அவள் இருக்கிறாள். தாயின் சகோதரிகள் பெற்ற மக்கள், அத்தை மகன், மனைவியின் உடன்பிறந்தான், சகோதரியின் கணவன், மகளை மணந்தவன். ஓர் ஆணையும் இன்னோர் ஆணையும் கட்டும் கயிறாக அவள் அங்கே வருகிறாள். தோட்ட வாரியம் பார்த்துக்கொண்ட தோட்டத்தில் விளைந்தது எந்த அடுப்பில் வெந்தது, யார் வேகவைத்தார் என்பது அந்தச் சுவருக்கு வேண்டாத செய்தி.

பழத்துக்குக்கூட கல்லில் கணக்கு இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் பிள்ளையாருக்கு நாள்தோறும் 150 வாழைப்பழம் படைக்க 360 காசு முதலாக வைக்கப்பட்டது. காசுக்கு ஆண்டு வட்டி அரைக்கால், அதாவது எட்டில் ஒரு பங்கு. ஆக ஆண்டுக்கு 45 காசு. ஒரு காசுக்கு 1,200 பழம் என்றால் 54,000 பழம். 360 நாளுக்கு வகுத்தால் சரியாக 150. ஆயிரம் ஆண்டு கழித்தும் பிசகாத கணக்கு. சாமிக்குப் போன பழத்தை எண்ணியிருக்கிறார்கள். வீட்டில் பந்தி முடிந்தபின் மீந்ததை உண்ட பெண்ணுக்கு எத்தனை கிடைத்தது என்று எண்ண யாரும் முதல் வைக்கவில்லை.

சமைத்த பெண் கல்லில் ஏறிய இடம் ஒன்று எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடல். எதிர்க்கரையில் பழையசீவரம். அங்கே வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று உண்டு, 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கோயிலோடு ஒரு கல்விச்சாலையும், மாணவர் விடுதியும், 15 நோயாளிகள் படுத்திருக்கும் ஆதுலசாலையும் நடந்ததை அது சொல்கிறது. ஆதுலசாலைக்கு வீரசோழன் என்று பெயர். அங்கே பணி செய்தவர்களும் அவர்கள் கூலியும் அதில் உண்டு. மருத்துவருக்கு நாளுக்கு மூன்று குறுணி நெல், ஆண்டுக்கு 80 காசு, அதன்மேல் நிலமும். அறுவை செய்பவருக்கு நாளுக்கு ஒரு குறுணி. மருந்து பறித்து விறகு கொண்டுவர இருவர். நாவிதர் ஒருவர். நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு மருந்தடும் பெண்டுகள் இருவர். ஆளுக்கு நாளுக்கு நான்கு நாழி நெல், ஆண்டுக்கு அரைக் காசு.

எட்டு நாழி ஒரு குறுணி. மருத்துவரின் நெல்லில் ஆறில் ஒரு பங்கு அந்தப் பெண்ணுக்கு. காசில் நூற்று அறுபதில் ஒரு பங்கு. மருத்துவரின் பெயர் இருக்கிறது: கோதண்டராமன் அசுவத்தாம பட்டன். பெண்டுகள் இருவர், இருவர்தான்.

இந்தக் கல்வெட்டைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியவர்கள் அவர்களை நர்சுகள் என்று பெயர்த்தார்கள். மரியாதையான பெயர்ப்புதான். ஆனால் அதில் அடுப்பு அணைந்துவிடுகிறது. ‘அடுதல்’ என்றால் சமைத்தல். அடுப்பும் அடுக்களையும் அடிசிலும் அதன் பிள்ளைகள். அங்கே சேமித்து வைத்த சுமார் 20 மருந்துகளில் கடுக்காயை முதலாகக் கொண்டவை பல, வில்வம் சேர்ந்த நெய் ஒன்று, எண்ணெய்கள் சில. இவையெல்லாம் கொதிக்கவைத்து, வடித்து, கிண்டி, பதம் பார்த்து இறக்க வேண்டியவை. கடுக்காயும் மரத்தில் காய்ப்பதுதான். அதை உடம்புக்கு ஆகும் பதத்தில் சமைக்கிற வேலைக்குக் கூலி கொடுத்ததற்கு நம்மிடம் உள்ள பழைய சான்றுகளில் இது ஒன்று. அந்தக் கூலியின் அளவும் சான்றுதான்.

‘அடு’ என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு: வெல்லுதல், கொல்லுதல். சிலப்பதிகாரத்தில் கண்ணகி சமைப்பதை நாம் பார்ப்பது கொலைக்களக் காதையில். ஆயர் வீட்டில் கொடுத்த காய்களையும் மாங்கனியையும் வாழைப்பழத்தையும் அரிசியையும் கொண்டு அவள் சமைத்துப் போடுகிறாள். கோவலன் உண்டு எழுந்து போகிறான், திரும்பவில்லை. இந்தப் பாடத்தை இருபது ஆண்டுகளாக நடத்துகிறேன். அடுப்பு அடுபவளையும் அடும் என்பது எனக்கு அம்மாவின் இருமலைக் கேட்டபின்தான் உறைத்தது. சவுக்கு விறகுக்கும் வறட்டிக்கும் நடுவில் முப்பது ஆண்டு உட்கார்ந்து ஊதிய இருமல் அது.

எங்கள் வட்டாரச் சமையல் பெரும்பாலும் வேகவைப்பது. காஞ்சி கோயில் இட்லியை மூங்கில் குடலையில் மந்தாரை இலை பரப்பி ஆவியில் வேகவைப்பார்கள். விறகடுப்பு கீழிருந்து மட்டும் சூடு தரும். ‘பேக்’ செய்யச் சூடு நாற்புறமும் சூழ வேண்டும், அதற்கு மூடிய அறை வேண்டும். செங்கல்லில் கட்டிய பெரிய அடுப்பு, முதலீடு, இரவு வேலை எல்லாம் சேர்ந்து அது ஆண்களின் கடைத் தொழிலாக நம் ஊர்களுக்கு வந்தது. பேக்கரிக்கு நாம் அடுமனை என்று அழகாகப் பெயர் வைத்தோம். வீட்டில் அடுகிறவளுக்கோ அந்த அடுப்பு எட்டவில்லை. எண்பதுகளில் எங்கள் தெருப் பெண்கள் குக்கரில் மணல் பரப்பி, கேஸ்கெட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டுக் கேக் செய்தார்கள். இல்லாத அடுப்பை இருக்கிற பாத்திரத்தில் கண்டுபிடித்தவர்கள் அவர்கள். அதற்கும் பெயர் பதிவில்லை.

அரசு அடுப்படிக்குள் வந்த வரலாறும் உண்டு. 2007இல் இலவச எரிவாயு அடுப்பு. 2011இல் விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி. இவற்றைக் கேலி செய்தவர்கள் அம்மியில் அரைத்த தோளின் வலி அறியாதவர்கள். ஆனால் கருவி வந்தால் வேலை குறையும் என்பதும் பாதி உண்மைதான். அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய நூலில் இதைக் காட்டினார். வீட்டில் இரும்பு அடுப்பு வந்தபோது குறைந்தது விறகு வெட்டிய ஆணின் வேலை. பெண்ணிடம் எதிர்பார்த்த பண்டங்களின் எண்ணிக்கையோ கூடியது. மிக்சி வந்தபின் எங்கள் வீட்டில் சட்னி ஒன்று மூன்றானதை நான் பார்த்திருக்கிறேன்.

ஏர் ஃப்ரையரும் அந்த வரிசைதான். பிலிப்ஸ் நிறுவனம் 2010இல் பெர்லின் கண்காட்சியில் அறிமுகம் செய்த பொருள். பெயரில் வறுவல் இருந்தாலும் உள்ளே நடப்பது வறுவல் அல்ல. மேலே சூடாகும் கம்பிச்சுருள், அதன்மேல் வேகமான விசிறி, சூடான காற்று கூடைக்குள் சுழல்கிறது. சின்ன அடுமனை, அவ்வளவுதான். 1,500 வாட் கருவி 20 நிமிடம் ஓடினால் அரை யூனிட்.

“நெருப்பும் இல்ல, தண்ணியும் இல்ல. இதுல எப்பிடிடீ வேகும்?” என்று கேட்டார் அம்மா.

வெந்தது. நான் செய்ததைச் சொல்கிறேன். முக்கால் பழுப்பான கொய்யா மூன்று. நீளவாக்கில் பிளந்து, விதையோடு நடுச்சதையைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். அம்மா பல்செட் போட்டிருக்கிறார். ஏலக்கி வாழைப்பழம் ஒன்று மசித்தது, வறுத்துப் பொடித்த வேர்க்கடலை இரண்டு கரண்டி, தினைமாவு இரண்டு கரண்டி, சுக்குத்தூள், ஏலத்தூள், ஒரு சிட்டிகை உப்பு, ஒரு தேக்கரண்டி நெய். பிசைந்து கொய்யாக் குழியில் நிரப்பி, ஈரக்கையால் அழுத்திவிட வேண்டும். தளர்வாக விட்டால் விசிறிக் காற்றில் மாவு பறக்கும். முதல் தடவை எனக்குப் பறந்தது. அடியில் வாழையிலைத் துண்டு போடுவதானால் பழத்தின் பாரம் அதன்மேல் முழுதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இலை எழும்பிக் கம்பிச்சுருளைத் தொட்டுக் கருகும். 160 டிகிரியில் 15 நிமிடம். ஓரம் சிவந்து, சாறு குமிழிட்டு, தெருமுனை வரை கொய்யா வாசம்.

இதை ‘ஆரோக்கிய இனிப்பு’ என்று எழுதினால் ஒரு சொல் கூடுதலாகச் சொல்ல வேண்டும். காற்றில் சுட்டால் பழத்தின் சர்க்கரை எங்கும் போய்விடாது. நாம் சேர்க்காதது வெல்லமும் பொரிக்கும் எண்ணெயும்தான். கொய்யாவின் நார் உதவும், கனிந்த வாழைப்பழம் அந்த அளவுக்கு உதவாது. எனவே அம்மாவுக்கு ஒரு நாளைக்கு அரைக் கொய்யா, சோற்றைக் குறைத்துக்கொண்டு. அளவுதான் மருந்து, கருவி அல்ல. அந்த அளவைத் தினமும் நினைவில் வைத்துக்கொள்வது ஒரு வேலை. அது எந்தக் கருவியின் விலைச்சீட்டிலும் இல்லை.

நடுவண் அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் நாளுக்குச் சராசரியாக 289 நிமிடமும், ஆண் 88 நிமிடமும் செலவிடுகிறார்கள். கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15 அன்று எங்கள் காஞ்சிபுரத்தில்தான் தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் சுமார் 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். உதவித்தொகை என்று சொல்லாமல் உரிமை என்று பெயரிட்டதும், வீட்டில் பெண் செய்யும் கூலியில்லா உழைப்பை அரசு வாய்விட்டுச் சொன்னதும் சிறிய செய்திகள் அல்ல. அந்தப் பணத்தைக் கையில் வாங்கும் பெண்களின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் கல்வெட்டுக் கணக்குப் பழக்கம் விடவில்லை. 289 நிமிடம், முப்பது நாள், 144 மணி சொச்சம். மணிக்கு ஏழு ரூபாய்க்கும் குறைவு. திருமுக்கூடலின் நான்கு நாழியைக் கண்டு வியக்கும் உரிமை நமக்கு இன்னும் வரவில்லை.

பெண் தன் சமையலைத் தன் பெயரில் எழுதியதும் நம் வரலாறுதான். 1951இல் எஸ். மீனாட்சி அம்மாள் ‘சமைத்துப் பார்’ நூலை வெளியிட்டார். தாயின் அருகில் நின்று கற்கும் வாய்ப்பில்லாத பெண்களுக்கு அளவும் நேரமும் எழுத்தில் கிடைத்தன. சமையல் புத்தகம் பெண்ணை அடுப்பில் கட்டிப்போடுகிறது என்று மாணவிகள் வாதிடுவார்கள். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் எழுதாமல் விட்ட வேலைதான் இயல்பு என்று பெயர் பெறுகிறது. எழுதிவிட்டால் அது கற்றுக்கொள்ளக்கூடிய வேலை. கற்றுக்கொள்ளக்கூடியதென்றால் யாரும் கற்கலாம்.

அம்மா முதல் துண்டை வாயில் வைத்துச் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “எனக்குன்னு மட்டும் யாரும் செஞ்சதில்லம்மா” என்றார். எழுபத்தொரு வயது. அவர் செய்த அதிரசங்களையும் கொழுக்கட்டைகளையும் யாரும் எண்ணியதில்லை. எல்லாருக்கும் வைத்துவிட்டுக் கடைசியில் உடைந்ததைத் தின்பது அவர் வழக்கம். சர்க்கரை நோய்தான் அவரை முதல் பந்தியில் உட்காரவைத்தது என்பது பெருமைப்படத்தக்க செய்தி அல்ல.

அன்றிரவு ஒரு நோட்டை எடுத்து அடுப்படி ஆணியில் கட்டித் தொங்கவிட்டேன். நாள், பண்டம், அளவு, சாப்பிடுவதற்கு முன்னும் பின்னும் அம்மாவின் சர்க்கரை என்று கட்டம் போட்டேன். கடைசிக் கட்டத்துக்கு ‘அடுவார்’ என்று தலைப்பு. முதல் மூன்று வாரமும் அதில் என் பெயர்தான் இருந்தது. பிறகு தம்பியிடம் நோட்டைக் காட்டி, ஞாயிறும் புதனும் உன்னுடையவை என்றேன். “எனக்கென்ன தெரியும்க்கா” என்றான். அளவு எழுதியிருக்கிறது, படி என்றேன்.

முதல் ஞாயிறு அவனுக்கும் மாவு பறந்தது. இப்போது பறப்பதில்லை. இந்தக் கட்டுரை எழுதும் நாள் வரை அவன் பெயர் அந்தக் கட்டத்தில் பதினொரு தடவை வந்திருக்கிறது. விடுபட்ட புதன்கிழமைகள் நான்கு. அவற்றையும் வெற்றாக விடாமல் குறித்து வைத்திருக்கிறோம். அம்மாதான் குறிக்கச் சொன்னார்.