சுயமாதிரிப் பரிசோதனை (டென்மார்க்)

சுயமாதிரிப் பரிசோதனை என்பது கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸைக் கண்டறிய, பெண் தன் வீட்டிலேயே மாதிரி எடுத்து அஞ்சலில் ஆய்வகத்துக்கு அனுப்பும் முறை. டென்மார்க்கில் இது, பரிசோதனைக்கு அழைப்பு வந்தும் குடும்ப மருத்துவரிடம் செல்லாத பெண்களுக்கான மாற்று வழி.

அங்கு 23–49 வயதினருக்கு 3 ஆண்டுக்கு ஒருமுறையும் 50–64 வயதினருக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறையும் இலவசப் பரிசோதனை உண்டு. ஆயினும் குறைந்த வருமானத்தினர், குடியேறியவர்கள் ஆகியோரிடையே பங்கேற்பு குறைவு. இலவசம் என்பது மட்டும் போதவில்லை.

சுயமாதிரி எடுக்கப் பரவலாகப் பயன்படும் கருவியான எவலின் தூரிகையின் பக்க இறக்கைகள் உடலைத் தொடும்வரை அதைச் செருகி, பின்முனையை உள்ளே தள்ளி, 5 முறை சுழற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ‘கிளிக்’ ஒலி கேட்கும். பிறகு மூடியிட்டு உலர்நிலையிலேயே அனுப்பலாம். வைரஸ் இருப்பது தெரிந்தால் மருத்துவரிடம் சென்றே ஆகவேண்டும்; செல் ஆய்வுக்கு இம்மாதிரி ஏற்றதன்று.

மத்திய டென்மார்க் மண்டலத்தில் பரிசோதனைக்கு வராத 30–64 வயதுப் பெண்களிடம் நடந்த ‘சாய்ஸ்’ ஆய்வு 2018இல் வெளியானது. கருவியை நேரடியாக அனுப்பியபோது 38 விழுக்காட்டினர் பங்கேற்றனர். கேட்டுப் பெறச் சொன்னபோது சுமார் 31, வழக்கமான நினைவூட்டலில் சுமார் 25 விழுக்காட்டினரே.

தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த ஓர் ஆய்வு வேறு வழியைக் கையாண்டது. பயிற்சி பெற்ற செவிலியர்கள் அசிட்டிக் அமிலம் தடவிக் கருப்பைவாயைக் கண்ணால் சோதித்தனர். பரிசோதனை வழங்கப்பட்ட பகுதிகளில் கருப்பைவாய்ப் புற்றுநோயால் இறப்பு 35 விழுக்காடு குறைந்ததாக 2007இல் ‘லான்செட்’ இதழ் வெளியிட்டது.