சிறுமலை ஏறிய டயர்கள்

சுங்குடிச் சேலைக்குப் பேர்போன சின்னாளப்பட்டிக்குக் கிழக்கே சிறுமலை. தோட்டத்து வாழைத்தார்கள் அங்கே வெகுகாலம் குதிரை முதுகில்தான் வந்தன. குதிரைக்கு லாடம் மாற்றினால் போதும். ஜீப்புக்கு டயரல்லவா செலவு!

1947-ல் மகிந்திரா இந்தியாவில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டத் தொடங்கியது. போர்க்கால ஜீப்பின் டயர் 6.00-16. ஒடுக்கமானது, முன்னே போனாலும் பின்னே வந்தாலும் ஒரேபோல் பிடிக்கும் முரட்டுக் கட்டைகள் கொண்டது. மெல்லிய சேற்றைக் கிழித்து அடித்தரையைக் கவ்வ அந்த ஒடுக்கம் உதவும். கூர்ங்கல் பாதையிலோ பக்கச்சுவரே முதலில் அடிபடும். ரேடியல் டயர் தார்ச்சாலையில் நெடுநாள் உழைக்கும். ஆனாலும் பழைய நைலான் டயரின் கனத்த பக்கச்சுவருக்குத் தனி மவுசு.

சென்னையில் 1946-ல் பலூன் செய்த எம்.ஆர்.எஃப்., 1952-ல், தேய்ந்த டயர்மேல் புதிதாக ஒட்டும் ட்ரெட் ரப்பர் தயாரிப்பில் இறங்கியது. மொட்டை டயருக்கும் மறுவாழ்வு கிடைத்தது. பக்கச்சுவரில் நூல் தெரிந்தால் மட்டும் ரீட்ரெட்டும் பலிக்காது.