குமரிமுனைப் பாறைகள்

குமரிமுனைக்குச் செல்வோர் பெரும்பாலும் கதிரவன் எழுவதையும் மறைவதையும் காணவே செல்கின்றனர். கரைக்கு அப்பால், அரைக் கிலோமீட்டர் தொலைவிற்குள், அலைநடுவே நிற்கும் இரு பாறைகளும் அப்போது அவர்கள் கண்ணில் படுகின்றன. ஒன்றில் விவேகானந்தர் மண்டபமும் மற்றொன்றில் வள்ளுவர் சிலையும் உள்ளன. இப்பாறைகளைப் பற்றிக் கூறப்படுவனவற்றுள் எது கதை, எது வரலாறு என்பதை மாணவ நண்பர்களோடு சற்றே ஆராய விரும்புகிறேன்.

முதலில் கதை. பாணாசுரனைக் கன்னி ஒருத்தியே கொல்ல முடியும் என்பது வரம். குமரித் தெய்வமோ சுசீந்திரத்து ஈசனை மணக்க எண்ணிப் பாறைமேல் ஒற்றைக் காலில் நின்று தவம் செய்தாள். மணநாள் இரவில் நாரதர் சேவலாகிக் கூவினார். பொழுது விடிந்ததென்று எண்ணி ஈசன் வழியிலேயே திரும்பிவிட்டார். சமைக்காமற்போன மணவிருந்தின் அரிசியே கடற்கரையின் பலநிற மணலாயிற்று என்பர். செம்மணல் கார்னெட் என்னும் கனிமம், கருமணல் இல்மனைட் என்று நிலநூலார் கூறுவர். ஆயினும் கைவிடப்பட்ட ஒரு திருமணத்தின் துயரைக் கைப்பிடி மணலில் கண்டவர்களின் கற்பனையை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். தேவி நின்ற இடத்தில் பாதம்போல் ஒரு தடம் காணப்படுவதால் அது ஸ்ரீபாதப் பாறை எனப் பெயர் பெற்றது.

இக்கதையின் வயது என்ன? இங்கே அயல்நாட்டார் ஒருவர் நமக்குச் சான்றாகிறார். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘பெரிப்ளூஸ்’ என்னும் கடல்வழி நூல் ‘கொமரி’ என்ற முனையைக் குறிப்பிடுகிறது. ஆடவரும் பெண்டிரும் அங்கு வந்து நீராடித் துறவு வாழ்க்கை மேற்கொள்கின்றனர் என்றும், முன்னொரு காலத்தில் ஒரு பெண்தெய்வம் அங்கு உறைந்து நீராடியதாகச் சொல்லப்படுகிறது என்றும் அதன் ஆசிரியர் எழுதுகிறார். மிளகு வாணிகத்தின் பொருட்டுக் கடலோடியவர் காதிலும் குமரியின் கதை விழுந்திருக்கிறது! பாறையைப் பற்றி அவர் ஒன்றும் கூறவில்லை என்பதையும் நாம் மறக்கலாகாது.

பஃறுளியாற்றையும் குமரிக்கோட்டையும் கடல்கொண்டது எனச் சிலப்பதிகாரம் கூறுவதைக் கொண்டு, இப்பாறைகளை மூழ்கிய பெருங்கண்டத்தின் எச்சம் என்பாரும் உளர். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றையினும் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. ஆதலின் கரையோர நிலம் கடலுட்பட்டது மெய்யே. கண்டம் ஒன்று மூழ்கியதற்கோ சான்று இல்லை.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1892 டிசம்பரில் விவேகானந்தர் குமரிக்கு வந்தார். படகுக்குக் காசில்லாமல் நீந்திச் சென்று, மூன்று நாள் பாறையில் தியானம் செய்தார் என்று படித்திருப்பீர்கள். அவரே எழுதியது யாது? 1894 மார்ச் 19-இல் சிகாகோவிலிருந்து இராமகிருஷ்ணானந்தருக்கு ஒரு கடிதம் வரைந்தார். அதில் குமரியன்னையின் கோயிலையும், இந்தியாவின் கடைசிப் பாறையில் அமர்ந்ததையும் ஒரே மூச்சில் குறிப்பிடுகிறார். நீந்தியதாகவோ நாட்கணக்கோ அதில் இல்லை; அவை பிறர் வழியாக வந்தவை. அங்குத் தோன்றிய திட்டத்தையோ விரிவாகவே எழுதுகிறார். துறவிகள் ஊர் ஊராகச் சென்று, நிலப்படமும் உலக உருண்டையும் நிழற்படக் கருவியும் கொண்டு ஏழைகளுக்குக் கல்வி புகட்ட வேண்டும் என்பதே அது. அலையை நீந்திக் கடந்த வீரத்தைப் பேசும் நாம் இந்த உலக உருண்டையை ஏன் மறந்தோம் என்று நான் வியப்பதுண்டு.

1963-இல் அவரது நூற்றாண்டு வந்தபோது, பாறை யாருக்கு உரியது என்ற பூசல் எழுந்தது. கரையில் வாழும் மீனவருள் பலர் கிறித்தவர். அவர்களுக்கும் அப்பாறை அயலன்று. ஏக்நாத் ரானடே நாடாளுமன்ற உறுப்பினர் 323 பேரிடம் கையொப்பம் பெற்று நினைவகத்திற்கு வழி தேடினார். 1970 செப்டம்பர் 2-இல் குடியரசுத் தலைவர் வி.வி. கிரி அதனைத் திறந்து வைத்தார்.

அருகிலுள்ள சிறு பாறையில் கணபதி ஸ்தபதி அமைத்த வள்ளுவர் சிலை 2000 ஜனவரி 1-இல் திறக்கப்பட்டது. அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்கு 38 அடிப் பீடம். எஞ்சியவற்றிற்கு 95 அடிச் சிலை. 2004 டிசம்பர் 26-இன் ஆழிப்பேரலையிலும் அது நிலைகுலையவில்லை. 2024 டிசம்பர் 30 முதல் 77 மீட்டர்க் கண்ணாடிப் பாலம் இரு பாறைகளையும் இணைக்கிறது.

பெரிய பாறையில் ஸ்ரீபாதத்திற்கும் தனி மண்டபம் உண்டு. எதிர் மண்டபத்தில் நிற்கும் விவேகானந்தரின் பார்வை, அந்தப் பாதத்தின் மேலேயே நேராக விழும்படி அவர் உருவத்தை அமைத்திருக்கின்றனர்.