நோக்கோல்: துறைமுகம் விட்டுச்சென்ற சொல்

தமிழ்நாட்டில் நூக்கல் என்றும் நூல்கோல் என்றும் வழங்கும் காயை ஈழத் தமிழர் நோக்கோல் என்பர். நூலையும் கோலையும் சேர்த்துப் பார்த்து, இதனைத் தமிழ்ப் பெயர் என்றே நம்புவோர் உண்டு. உண்மையில் இது ஒல்லாந்தரின் சொல். அவர்தம் மொழியில் ‘க்னோல்’ என்றால் திரண்ட கிழங்கு; ‘கோல்’ என்றால் முட்டைக்கோசு. க்னோல்கோல் நம் நாவில் நோக்கோல் ஆயிற்று. ஒல்லாந்து நாட்டிலோ இன்று ‘கோல்ராபி’ என்ற பெயரே வழக்கில் உள்ளது. அவர்கள் கைவிட்ட சொல்லை நாம் காத்து வருகிறோம்.

திருகோணமலைச் சந்தையில் காய்களின் பெயர்களை வரிசையாகக் கேட்டால் அத்துறைமுகத்தை ஆண்டவர்களின் வரிசை விளங்கும். ஈழத்தவர் முட்டைக்கோசுக்கு இட்ட கோவா என்ற பெயர் போர்த்துக்கேயர் தந்தது. போஞ்சியும் நோக்கோலும் ஒல்லாந்தருடையவை. கரட், பீட்றூட், லீக்ஸ் ஆகியவை ஆங்கிலேயருடையவை. போர்த்துக்கேயர் அங்கே 1624இல் கோட்டை கட்டினர். 1639இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினர். 1782 ஜனவரியில் ஆங்கிலேயரும், அதே ஆண்டு ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனும் பிடித்தனர். மீண்டும் ஒல்லாந்தரிடம் சென்ற கோட்டை, 1795இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. அவர்களது கடற்படைத் தளம் 1957இல்தான் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது.

இத்தனை பேர் ஒரு துறைமுகத்துக்காக மோதியதன் காரணம் வாடைக்காற்று. ஐப்பசி தொடங்கி வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் சோழமண்டலக் கரையில் பெருங்கப்பல்கள் ஒதுங்க இடமில்லை. மலைகள் சூழ்ந்த ஆழமான திருகோணமலைக் குடாவே அவற்றுக்குப் புகலிடம். அக்காலத்து நெடுங்கடற் பயணத்தில் மாலுமிகளைப் பகைவரினும் அதிகமாகக் கொன்றது, ஈறு வீங்கிக் குருதி கசியும் ஸ்கர்வி நோய். பச்சைக் காய்கறியே அதற்கு மருந்து. ஒல்லாந்தக் கம்பனி 1652இல் நன்னம்பிக்கை முனையில் குடியேற்றம் அமைத்ததே கப்பல்களுக்குக் காய்கறி முதலான உணவு வழங்கத்தான். எங்கே துறைமுகம் இருந்ததோ அங்கே தோட்டமும் வேண்டியிருந்தது. நோக்கோலில் உயிர்ச்சத்து சி நிறைய உண்டு என்பதையும் இங்கே சேர்த்து எண்ணிப் பார்க்கலாம்.

கப்பல்களைக் குடாவுக்குள் துரத்திய அதே வாடைக்காலம்தான் கிழக்குக் கரையில் நோக்கோலுக்கும் ஏற்ற பருவம். அடைமழை தணியும் மார்கழியில் நாற்றை நட்டால், மாசியில் காய் பறிக்கலாம். நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்து மணல் நிலத்தில் நீர் தங்காது. மாட்டெரு தாராளமாக இட வேண்டும். நாம் உண்பது கிழங்கன்று. நிலத்துக்கு மேலே பருத்து நிற்கும் தண்டு. ஆகவே அதை மண்ணால் மூடலாகாது. பந்தளவுக்கு முன்பே பறித்துவிட வேண்டும். முற்றினால் நார் பாயும்.

சமைப்பதும் எளிது. தோலைத் தடிப்பாகச் சீவி, துண்டாக்கி, பச்சைமிளகாய், வெங்காயம், வெந்தயம், மஞ்சள் சேர்த்து இரண்டாம் பாலில் அவித்து, இறுதியில் முதற்பால் விட்டு இறக்கினால் பாற்கறி. இளம் இலைகளை மெல்லியதாக அரிந்து, தேங்காய்ப்பூவுடன் வறை செய்வர். பெயர் ஒல்லாந்தருடையது, தேங்காய்ப்பால் நம்முடையது.

ஆனால் ஒன்றை நாம் இன்னும் நம்முடையதாக்கவில்லை. அதுவே விதை. நோக்கோல் ஈராண்டுத் தாவரம். ஒரு குளிர்காலத்தைக் கடந்த பின்னரே அது பூக்கும். திருகோணமலை வெப்பத்தில் அக்குளிர் கிட்டாது. கத்தரி, வெண்டி, பயிற்றை ஆகியவற்றின் விதையை நம் வீட்டுப் பெண்கள் சாம்பலில் புரட்டி அடுத்த பருவத்துக்கு வைத்தார்கள். நோக்கோல் விதையோ ஒவ்வொரு முறையும் குளிர்நாட்டிலிருந்து வர வேண்டியதாயிற்று.

இது வெறும் தாவரவியற் செய்தியன்று. 2021 மே மாதத்தில் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்து, நவம்பரில் தடையை நீக்கியது. 2022இல் டொலர் தீர்ந்து, எரிபொருளுக்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். அந்த ஜூன் மாதத்தில் அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அளித்து, வீட்டுத் தோட்டம் செய்யுமாறு அரசு கேட்டுக்கொண்டது. ரூபாய் சரிந்த நாட்களில் இறக்குமதி விதையின் விலையும் ஏறியது. பானையில் சொந்த விதை வைத்திருந்தவர் கடையை நோக்காமலே விதைத்தார்.

இதனால் நோக்கோலை ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இரண்டு மாதத்தில் பலன் தரும் நல்ல காய் அது. முற்றத்தில் ஒரு பாத்தி அதற்கு உரியதே. ஆனால் மற்றப் பாத்திகளில் நாமே விதை எடுக்கக்கூடிய பயிர்கள் நிற்கட்டும். நானூறு ஆண்டுகளாகக் கப்பலை எதிர்பார்த்த ஒரு துறைமுகப்பட்டினத்துக்கு, கப்பல் வராத காலத்தையும் எண்ணிப் பார்க்கும் கடமை உண்டு.