கார்ட்டூன் செல் (1914 – 2013): ஓர் அஞ்சலி

2013 செப்டம்பரோடு ஜப்பானில் ஒரு கைவேலை நின்றுபோனது. 1969 முதல் ஞாயிறு மாலைதோறும் ஒளிபரப்பாகிவரும் ‘சசாயே-சான்’ என்ற குடும்பக் கார்ட்டூன் தொடர், அதுவரை ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளில் தூரிகையால் வண்ணம் தீட்டியே படமாக்கப்பட்டு வந்தது. மற்ற தொடர்கள் எல்லாம் எப்போதோ கணினிக்குப் போய்விட்டன. பிடிவாதமாக நின்ற இந்த ஒன்றும் கடைசியில் போனது. அடுத்த வாரமும் அதே குடும்பம் அதே வீட்டில் வழக்கம்போலப் பேசிச் சிரித்தது. பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு ஒரு சாவு நடந்தது தெரிந்திருக்கும்?

செத்துப்போன அந்தத் தாளின் பெயர் செல். நம் வீட்டுப் பிள்ளைகள் கண்கொட்டாமல் பார்த்த ‘டாம் அண்ட் ஜெர்ரி’யின் பூனையும் எலியும், தொண்ணூறுகளில் தூர்தர்ஷனில் ஞாயிறு காலை வந்த மோக்லியும் இந்தத் தாளில்தான் உயிர்பெற்றார்கள். படம் நமக்கு நினைவிருக்கிறது. தாளை நாம் அறிந்ததே இல்லை.

அது பிறந்த கதை உழைப்பை மிச்சப்படுத்திய கதை. 1914-இல் அமெரிக்க ஓவியர் வின்சர் மெக்கே ‘கெர்ட்டி’ என்ற டைனோசரை நடக்கவிட்டார். டைனோசர் ஓர் அடி எடுத்து வைத்தால் அதை மட்டும் வரைந்தால் போதாது; பின்னாலிருக்கும் பாறையையும் ஏரியையும் ஒவ்வொரு தாளிலும் திரும்ப வரைய வேண்டும். அதற்கென்றே ஓர் உதவியாளர் உட்கார்ந்து பின்னணியைப் பிரதியெடுத்துக்கொண்டே இருந்தார். அதே ஆண்டு இறுதியில் ஏர்ல் ஹர்ட் என்பவர் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அசையாததை ஒரே ஒரு முறை வரை. அசைவதை மட்டும் ஒளிபுகும் தாளில் வரைந்து அதன்மேல் வை. இவ்வளவுதான் யோசனை. ஜான் பிரே என்ற தயாரிப்பாளரோடு ஹர்ட் கைகோத்துக்கொண்டார். 1932-இல் காப்புரிமை காலாவதியாகும்வரை மற்ற ஸ்டுடியோக்கள் அவர்களுக்கு உரிமத் தொகை கட்டிவந்தன.

அந்தத் தாளின் மேல் நடந்த வேலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

தாளின் விளிம்பில் மூன்று துளைகள்: நடுவில் வட்டமாக ஒன்று, இருபுறமும் நீளவாக்கில் ஒவ்வொன்று. பலகையில் பொருத்திய முளைகளில் இந்தத் துளைகள் இம்மியும் பிசகாமல் உட்கார வேண்டும். பிசகினால் திரையில் உருவம் நடுங்கும். அனிமேட்டர் பென்சிலால் வரைந்த தாளின்மேல் செல்லை வைத்து, மையால் கோட்டைப் பிரதியெடுப்பார்கள். கோடு தாளின் முன்பக்கம், வண்ணம் பின்பக்கம். தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியம் தீட்டுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே பிடிபடும். கண்ணாடியின் பின்புறம் தீட்டும்போது நகையும் கண்ணும் முதலில், திரைச்சீலை கடைசியில். செல்லிலும் அப்படித்தான்: சிறியது முதலில், அதை மூடிக்கொண்டு பெரியது. வண்ணத்தைத் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் வெளிச்சத்தில் தூரிகைத் தடம் தெரியும். குழம்புப் பதத்தில் ஒரு சொட்டு வைத்து, அதைக் கோடுவரை மெல்லத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். கைரேகை படாமலிருக்க வெள்ளைப் பருத்திக் கையுறை; தூரிகை பிடிக்கும் விரல்களுக்கு மட்டும் அதன் நுனி வெட்டப்பட்டிருக்கும்.

இன்னொரு நுட்பம் உண்டு. செல் தாள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தாலும் முழுத் தெளிவு கிடையாது. ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு அடுக்கினால் அடியிலிருக்கும் நிறம் மங்கும். உடம்பு கீழ்த்தாளிலும் பேசும் வாய் மேல்தாளிலும் இருந்தால், இரண்டுக்கும் ஒரே தோல் நிறத்தைத் தீட்டக் கூடாது. கீழ்த்தாளுக்குச் சற்று வெளிறிய கலவை வேண்டும். அப்போதுதான் கேமராவுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும். இடையில் ஒரு பாத்திரம் காட்சியை விட்டுப் போய்விட்டால், அந்த இடத்தில் ஒன்றும் வரையாத வெறும் தாள் ஒன்றைச் செருகுவார்கள். இல்லையென்றால் மிச்சமிருப்பவரின் முகம் திடீரென்று வெளுத்துவிடும்! திரையில் ஒருபோதும் தென்படாத அந்த வெறும் தாள்தான் இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த பொருள்.

ஒரு நொடிக்கு 24 சட்டகம். ஒவ்வொரு படத்தையும் இரண்டு சட்டகத்துக்கு நிறுத்தினாலும் நொடிக்கு 12. ஏழு நிமிடக் குறும்படத்தில் ஒரே ஓர் அடுக்கு அசைந்துகொண்டே இருந்தால்கூட ஐயாயிரத்துச் சொச்சம் தாள் ஆகிறது.

யார் தீட்டினார்கள்? பெரும்பாலும் பெண்கள். டிஸ்னி நிறுவனத்தில் ‘இங்க் அண்ட் பெயின்ட்’ என்ற பிரிவு அவர்களுடையது. வால்ட் டிஸ்னியின் மனைவி லிலியனே அங்கே மை தீட்டும் வேலைக்கு வந்தவர்தான். 1937 டிசம்பரில் ‘ஸ்னோ ஒயிட்’ வெளிவந்தபோது, அதன் ஒவ்வொரு சட்டகமும் அந்தப் பெண்களின் விரல் வழியாகத்தான் திரைக்குப் போனது. படத்தின் பெயர்ப் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. மறு ஆண்டு அந்நிறுவனத்தில் அனிமேட்டராக விரும்பி எழுதிய ஒரு பெண்ணுக்கு, படைப்பு வேலை ஆண்களுக்கு உரியது, பெண்களுக்கு மை தீட்டும் பிரிவுதான் என்று பதில் போனது. அந்தக் கடிதம் இன்றும் இருக்கிறது. செல்லுக்கு அஞ்சலி எழுதும்போது இந்த அநியாயத்தை எழுதாமல் விட்டால் அது பாதி அஞ்சலிதான்.

தீட்டிய தாள்களுக்கும் மரியாதை இருந்ததில்லை. படம் பிடித்தானதும் பலவற்றைக் கழுவி மறுபடி பயன்படுத்தினார்கள். 1955-இல் டிஸ்னிலேண்ட் திறந்த பிறகு அங்கே ஒரு கடையில் ஓரிரு டாலருக்கு விற்றார்கள். ஜப்பானில் மூட்டைமூட்டையாகக் குப்பைக்குப் போயின. பிற்காலத்தில் ஏலக்கூடத்தில் அதே தாள் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போனபோது, தீட்டியவருக்கு அதில் ஒரு சல்லிக்காசு கிடையாது.

செல்லின் குறையே அதன் முகவெட்டாகவும் ஆனது. பழைய கார்ட்டூனில் பூனை ஓடிவரும். வழியில் பத்துப் பாறைகள் இருக்கும். அவற்றில் எது உருண்டு விழப்போகிறது என்று எந்தக் குழந்தையும் முன்கூட்டியே சொல்லிவிடும். ஒன்பது பாறைகள் நீர்வண்ணத்தில் ஒளியும் நிழலுமாகப் பின்னணியோடு கலந்திருக்கும். விழப்போகும் ஒன்று மட்டும் தட்டையான நிறத்தில், கறுப்புக் கோட்டோடு தனித்து நிற்கும். அது செல்லில் இருப்பது. பார்வையாளருக்குத் தொழில் ரகசியம் இப்படித் திரையிலேயே திறந்து கிடந்த கலை வேறொன்று உண்டா என்று தெரியவில்லை.

அந்தத் தாளை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் பயன்படுத்தினார்கள். ஹன்னா-பார்பெரா ஸ்டுடியோ தொலைக்காட்சிக்கு வந்தபோது பணம் குறைவு. யோகி கரடிக்குக் கழுத்துப் பட்டையை மாட்டி, உடம்பை ஒரு தாளில் அசையாமல் நிறுத்தி, தலையை மட்டும் மாற்றிக்கொண்டே போனார்கள். கனடாவில் பிரெடெரிக் பாக் வழவழப்பில்லாத, பனி படர்ந்தாற்போன்ற செல்லில் வண்ணப் பென்சிலால் வரைந்தார். மரம் நட்டுக்கொண்டே வாழ்ந்த ஒருவரைப் பற்றிய அவருடைய 1987-ஆம் ஆண்டுப் படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. ரஷ்யாவில் யூரி நோர்ஸ்டைன் செல்லைத் துண்டு துண்டாக வெட்டி, கண்ணாடி அடுக்குகளில் பரப்பி, 1975-இல் ஒரு முள்ளெலியை மூடுபனிக்குள் அனுப்பினார். ஜப்பானில் 1988-இல் ‘அகிரா’ என்ற படத்துக்கு 1,60,000-க்கும் அதிகமான செல்கள் தேவைப்பட்டன. படத்தின் பெரும்பகுதி இரவு. இருட்டுக்குள்ளேயே நூறு வண்ண வேற்றுமை காட்ட வேண்டியிருந்தது.

இந்தியாவுக்கும் இதில் பங்குண்டு. 1956-இல் மும்பையில் பிலிம்ஸ் டிவிஷன் கார்ட்டூன் பிரிவைத் தொடங்கியபோது, பயிற்சி தர வந்தவர் டிஸ்னியில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ். அங்கே பயின்றவர்களில் ஒருவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்த ராம் மோகன். 1989-இல் ஏவிஎம் தயாரித்த ‘ராஜா சின்ன ரோஜா’வில் ரஜினிகாந்தைச் சுற்றி ஆடிப்பாடும் கார்ட்டூன் மிருகங்கள் அவர் தலைமையில் உருவானவை. அந்தப் பாட்டுக்குத் தியேட்டரே குழந்தைகளாகக் குதித்தது. ரஜினியும் இயக்குநர் எஸ்.பி. முத்துராமனும் பாராட்டப்பட்டார்கள், ராம் மோகனைக்கூடப் பிறகு பத்மஸ்ரீ தேடிவந்தது. அந்த மிருகங்களுக்குத் தாள்தாளாக நிறம் கொடுத்தவர்கள் யார் என்று நாம் கேட்கவே இல்லை.

சாவு ஒரே நாளில் வரவில்லை. 1961-இல் டிஸ்னியின் ‘நூற்றொரு டால்மேஷன்கள்’ படத்தில் பென்சில் கோட்டை ஜெராக்ஸ் மூலம் நேரடியாகச் செல்லில் பதித்தார்கள். அத்தனை நாய்களின் அத்தனை புள்ளிகளையும் கையால் பிரதியெடுத்தால் கட்டுப்படியாகாது. கையால் மை தீட்டும் வேலை அங்கே பெரும்பாலும் அன்றே போய்விட்டது. டிஸ்னியில் செல்லில் தீட்டிய கடைசி முழுநீளப் படம் 1989-இன் ‘லிட்டில் மெர்மெய்ட்’. மறு ஆண்டே முழுப்படத்துக்கும் கணினி வண்ணம் வந்தது. ஜப்பானின் ஜிப்லி ஸ்டுடியோவில் 1997-இன் ‘இளவரசி மொனோனோகே’வுக்கு ஏறத்தாழ 1,44,000 செல்கள் ஆயின, அதற்குள்ளேயே சில நிமிடங்களைக் கணினி தீட்டியிருந்தது. 1999-இல் அடுத்த படம் முழுக்கக் கணினி.

கணினியைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. கேமரா சுழன்று பறக்கும் காட்சிகள் அதனால்தான் சாத்தியமாயின. தூசியும் கீறலும் ஒழிந்தன. ஆனால் தூசியோடு சேர்ந்து, நிறத்தைக் கண்ணால் நிறுத்துப் பார்க்கும் ஒரு தலைமுறையின் தொழிலும் ஒழிந்தது. தோல் நிறத்தில் ஓர் அடுக்குக்கு எவ்வளவு வெளுப்பு வேண்டும் என்ற அறிவை இன்று யாரும் யாருக்கும் கற்றுத்தர வேண்டியதில்லை. அது வெறும் வசதிக்குறைவு அல்ல; பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன்.

மிச்சமிருக்கும் தாள்களும் நிலைப்பவை அல்ல. ஆரம்பகாலச் செல் நைட்ரேட்டால் ஆனது. தீ எளிதில் பற்றும். பிறகு வந்த அசிட்டேட் தாள் வயதானால் நெளிந்து, காடி நாற்றம் அடிக்கும். வண்ணம் பாளமாகப் பெயரும். டிஸ்னியின் சேகரிப்பைக் காப்பாற்ற லாஸ் ஏஞ்சல்ஸின் கெட்டி பாதுகாப்பு நிறுவனம் ஆண்டுக்கணக்கில் ஆய்வு செய்திருக்கிறது. நம் ஊர்த் தாள்களுக்கு அப்படி யாரும் இல்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். பிலிம்ஸ் டிவிஷனிலோ, சென்னை, மும்பை விளம்பரப் பட ஸ்டுடியோக்களிலோ ஒரு காலத்தில் வண்ணம் தீட்டியவர் உங்கள் வீட்டில் இருந்தால், பரணில் பழைய செல் ஒன்று கிடந்தால், அதைக் காற்றுப் போகாத பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு மூடாதீர்கள். வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். குளிர்ந்த, உலர்ந்த இடத்தில், அமிலமில்லாத காகிதத்துக்கு நடுவே படுக்கவையுங்கள். எந்தப் படம், எந்த ஆண்டு, யார் தீட்டியது என்று அவரிடமே கேட்டு, தனித் தாளில் எழுதிச் சேர்த்து வையுங்கள். அவர் இருக்கும்போதே கேளுங்கள்.